வாய்தா அக்கா யாருக்காக ஆஜர்?

நீதிமன்றக் கட்டடத்தில் அவளுக்கு வாய்தா அக்கா என்று பெயர். வைத்த புண்ணியவான் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் நிற்கவைத்து நாலு கேள்வி கேட்டிருப்பாள், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. வாசலில் பையைச் சோதிக்கும் காவலரிலிருந்து மேல்மாடியில் கோப்பு கட்டும் ஊழியர் வரை, "வாய்தா அக்கா வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

அவளும் வக்கீல்தான். இதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பாதிப் பேருக்கு அது மறந்தே போயிருந்தது. சட்டம் படித்து, பரீட்சை எழுதி, உறுதிமொழி எடுத்து, வக்கீல் வாரியத்தில் பெயர் பதிந்து, முறையாக அங்கி மாட்டியவள். அந்த அங்கி ஒன்றும் யாரோ பாவம் பார்த்துக் கொடுத்ததில்லை.

அவள் செய்த வேலை இதுதான். பெரிய வக்கீல்களுக்கு ஒரே காலையில் நாலு கோர்ட்டில் வழக்கு இருக்கும். ஆள் ஒன்றுதானே? எந்தக் கட்சிக்காரர் கனமானவரோ அவர் வழக்குக்குப் போவார்கள். மீதி மூன்று கோர்ட்டிலும் வழக்கைக் கூப்பிடும்போது யாராவது எழுந்து நின்று, ஐயா வேறு கோர்ட்டில் இருக்கிறார், இன்னொரு தேதி கொடுங்கள் என்று கேட்க வேண்டும். கேட்க ஆள் இல்லாவிட்டால் வழக்கு தள்ளுபடி ஆகும், இல்லையென்றால் எதிர்த்தரப்பு சொன்னதை மட்டும் கேட்டு ஒருதலையாகத் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அந்த இன்னொரு தேதிக்குத்தான் வாய்தா என்று பெயர். அதைக் கேட்டு வாங்குவதுதான் அவள் பிழைப்பு.

காலையில் கட்டடத்துக்குள் கால் வைத்ததும் போன் அலற ஆரம்பிக்கும். "அக்கா, மூணாம் கோர்ட்ல ஒரு நிமிஷம்." "அக்கா, மாடியில கூப்பிட்டுட்டாங்க, ஓடுங்க." ஓடுவாள். லிஃப்ட் நீதிபதிகளுக்கு மட்டும்தான். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதி லிஃப்ட் அவர் கைபட்டு ஏறி இறங்குகிறது, பெண்டாட்டி மட்டும் படியேறி மூச்சு வாங்குகிறாள். மாடிப்படிக்குக் கீழே, கால் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கும் மூலையில் ஒரு பெஞ்ச். அதுதான் அவளுடைய அலுவலகம்.

நிற்பது அவள். ஆனால் கோர்ட் குறிப்பில் விழுவது வக்காலத்தில் இருக்கும் பெயர். வக்காலத்து என்பது, இவர்தான் என் வக்கீல் என்று கட்சிக்காரர் எழுதிக் கொடுக்கும் காகிதம். அதில் அவள் பெயர் எங்கே இருக்கும்? ஆகவே 'ஆஜர்' என்று போட்டு அந்தப் பெரிய மனிதரின் பெயரை எழுதுவார்கள். அந்தப் பெரிய மனிதர் அந்நேரம் வேறு மாடியில் கதையடித்துக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். எழுதுகிறவருக்கும் தெரியும், நீதிபதிக்கும் தெரியும், எதிர் வக்கீலுக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். நாளைக்கு அவரவருக்கும் அவள் தேவைப்படுவாளே.

அவள் ஆரம்பத்தில் இப்படி இல்லை. பெரியவர் என்று எல்லோரும் கூப்பிடும் மூத்த வக்கீல் ஒருவரின் அறையில் ஜூனியராகச் சேர்ந்து, நன்றாகவே வந்துகொண்டிருந்தாள். ஜன்னலோரம் அவளுக்கென்று ஒரு மேசை கூட இருந்தது. அப்போதுதான் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வீட்டில் கூடிப் பேசினார்கள். கணவருக்குக் கம்பெனி வேலை, விட முடியாது. நாத்தனாருக்கு வங்கியில் காசாளர் வேலை, அதை எவளாவது விடுவாளா? எல்லோருடைய பார்வையும் சுற்றிச் சுற்றி இவள் மேல் வந்து நின்றது. "உனக்கென்ன, சொந்தத் தொழில்தானே. எப்ப வேணும்னாலும் திரும்பிப் போய்க்கலாம்" என்றார் கணவர். சொன்னவர் நல்லவர்தான். நல்லவர்கள் சொல்லும்போதுதான் இந்த மாதிரிப் பேச்சு எடுபடுகிறது.

மாமனாரைத் திருப்பிப் படுக்கவைத்து, குளிப்பாட்டி, ஊட்டி, மருந்து கொடுத்து வருஷங்கள் போயின. ஒருநாள் அவர் கண்ணை மூடினார். இவள் அங்கியைத் துவைத்து மாட்டிக்கொண்டு பெரியவரின் அறைக்குப் போனாள். ஜன்னலோர மேசையில் வேறொரு பையன் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்து, "அடடே, வாம்மா. நல்ல வேளையா வந்தே. கீழே ஒரு கேஸ் கூப்பிடுவாங்க, ஒரு வாய்தா வாங்கிட்டு வந்துடேன்" என்றார். போனாள், வாங்கினாள். அன்றைக்குப் பிடித்த சனி. வழக்கு கொடுக்க ஒரு நாதி இல்லை, வாய்தா வாங்கச் சொல்ல ஊரே இருந்தது.

ஒரு விஷயம் மட்டும் அவள் நெஞ்சில் ஆறாமல் கிடந்தது. பெரியவருக்கு ஒரு வீடு காலி செய்யும் வழக்கு. வாடகைக்கு இருந்த ஒரு விதவை அம்மாவுக்காக அவர் ஆஜர். ஒருநாள் அதில் வாய்தா கேட்க எழுந்தவளை நீதிபதி முறைத்தார். "போதும்மா உங்க வாய்தா. சாட்சி வந்து நிக்கறாரு. குறுக்கு விசாரணை பண்றதுன்னா பண்ணுங்க, இல்லேன்னா முடிச்சுடுவேன்" என்றார். அந்த அம்மா பின்பெஞ்சில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். இவள் கோப்பைப் பிரித்தாள். நின்ற நிலையிலேயே படித்தாள்.

சாட்சி, வீட்டுச் சொந்தக்காரரின் மச்சான். அந்த அம்மாள் வீட்டை விடச் சம்மதித்துச் சாவியைச் சொந்தக்காரர் கையில் கொடுத்ததை எதிர்க் கட்டடத்தின் ஐந்தாவது மாடியிலிருந்து கண்ணாரப் பார்த்தேன் என்று சத்தியம் செய்திருந்தான். இவள் அவனை உட்கார வைத்து விசாரிப்பது போல நைசாகக் கேட்டாள். எதுக்குங்க போனீங்க அந்தக் கட்டடத்துக்கு? எப்படி ஏறினீங்க, முழங்கால் வலின்னு சொல்றீங்களே? லிஃப்ட்டில் ஏறினேன் என்றான். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. லிஃப்ட்தான், எனக்கென்ன ஞாபக மறதியா என்றான். அந்த லிஃப்ட் அவன் சொன்ன மாதம் முழுக்கப் படுத்துக் கிடந்தது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவள் கணவர் அந்த லிஃப்ட்டின் பரம்பரையையே திட்டிக்கொண்டிருந்தார். பழுது பார்த்த கம்பெனியிலிருந்து பதிவை வரவழைத்ததும் மச்சான் கதை அம்பேல். அந்த அம்மாளின் வீடு தப்பியது.

தீர்ப்பில் நீதிபதி, "கற்றறிந்த வழக்கறிஞரின் கூர்மையான குறுக்கு விசாரணை" என்று ஒரு வரி எழுதியிருந்தார். மேலே ஆஜர் என்ற இடத்தில் பெரியவரின் பெயர் இருந்தது. பெரியவர் அந்தத் தீர்ப்பைக் கண்ணாடி போட்டுத் தன் அறைச் சுவரில் மாட்டினார். கல்லுளிமங்கன், கூச்சப்படவே இல்லை. வாய்தா சொல்ல அந்த அறைக்குப் போகும்போதெல்லாம் அவள் அதன் அடியில்தான் நின்றாள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் வக்கீல் வாரியம் ஒரு வரைவு விதியை வெளியிட்டது. வக்கீல் என்று பட்டம் வைத்துக்கொண்டு வேறு வியாபாரம் பண்ணுகிறவர்களைக் களையெடுக்கப் போகிறோம் என்று முன்னுரை. கடந்த சில வருஷங்களில் கோர்ட் குறிப்புகளில் யார் யார் பெயரில் எத்தனை ஆஜர் என்று பார்ப்பார்கள். குறைச்சலாக இருந்தால் பெயர் 'செயல்படாதோர்' பட்டியலுக்குப் போய்விடும். அப்புறம் அங்கி போட முடியாது. மறுபடி வர வேண்டுமானால் பரீட்சை எழுதி, ஒரு சீனியரிடம் புதுசாக ஜூனியராக உட்கார வேண்டும். பொதுமக்களும் வக்கீல்களும் கருத்துச் சொல்லலாம், கருத்துக் கேட்புக் கூட்டம் இன்ன தேதியில் வாரிய அலுவலகத்தில் நடக்கும் என்று முடித்திருந்தார்கள்.

படிக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து அவள் அதைப் போனில் படித்தாள். மேலே தடதடவென்று வக்கீல்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். கோர்ட் இணையதளத்தில் தன் பெயரைத் தட்டிப் பார்த்தாள். பழைய ஜூனியர் காலத்து வழக்கு ஒன்று வந்தது. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. தினம் தினம் இந்தக் கட்டடத்தில் தேய்ந்தவள், குறிப்புப்படி பல வருஷமாக இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

நேரே பெரியவரின் அறைக்குப் போனாள். "சார், உங்க கேஸ்ல உங்களுக்காக நான்தான் நின்னேன்னு ஒரு கடிதம் குடுங்க. வாரியத்துக்குக் காட்டணும்."

பெரியவர் சிரித்தார். "ஏம்மா, அப்படி எழுதிக் குடுத்தா அன்னிக்கெல்லாம் நான் கோர்ட்டுக்கு வரலைன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆகாதா? என் கணக்கு என்னாகறது?"

"அப்ப என் கணக்கு என்னாகறதுங்க சார்?"

"உனக்கென்னம்மா, வீட்டுக்காரர் நல்லா சம்பாதிக்கிறார்." சொல்லிவிட்டு அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். மறுமுனையில் யாரும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

மற்றவர்களிடமும் கேட்டாள். "அக்கா, உங்களுக்கு இல்லாததா, நாளைக்குப் பாக்கலாம்" என்றான் ஒருவன். "கடிதம்லாம் எதுக்குக்கா, நாங்கள்லாம் வாயால சொல்ல மாட்டோமா?" என்றான் இன்னொருவன். எங்கே சொல்வாய் என்று கேட்டதற்கு டிமிக்கி கொடுத்துவிட்டுப் படியேறினான்.

வக்கீல் சங்கம் அவசரக் கூட்டம் போட்டது. சங்கச் செயலாளருக்கு மைக் என்று பட்டப்பெயர். கையில் மைக் கிடைத்தால் பிடுங்க இரண்டு ஆள் வேண்டும். அவர் எழுந்து, "இது கறுப்புச் சட்டம். இந்தக் கருத்துக் கேட்புக் கூட்டத்தை ஒட்டுமொத்தமாகப் புறக்கணிக்கிறோம். ஒருத்தரும் உள்ளே போகக் கூடாது. வாசலில் கறுப்புப் பட்டை கட்டிக் கோஷம் போடுவோம்" என்று முழங்கினார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

வாய்தா அக்கா எழுந்தாள். "கோர்ட்டைப் புறக்கணிச்சா நீதிபதி வேற தேதி போடுவாரு. அந்தப் பழக்கத்துல இதையும் புறக்கணிக்கிறீங்க. இது கோர்ட் இல்லையே. யாருமே வரலைன்னா, யாருக்கும் ஆட்சேபணை இல்லைன்னு எழுதிட்டு முடிச்சுடுவாங்க. எதிராளி வரலைன்னா ஒருதலைத் தீர்ப்பு வாங்கறவங்கதானே நாம? நமக்கே அது தெரியாதா?"

"அக்கா, உங்களுக்கு அரசியல் புரியாது. உக்காருங்க" என்றார் மைக். சுற்றிலும் சிரிப்பு. அவள் உட்காரவில்லை, வெளியே போய்விட்டாள்.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முந்தின நாள் மதியம், மைக்கும் பெரியவரும் சேர்ந்து மாடிப்படிக்குக் கீழே வந்தார்கள். அவள் டிபன் டப்பாவை மூடி வைத்தாள். மைக் குழைந்தார். "அக்கா, நீங்க சொன்னதை யோசிச்சோம். நீங்க சொன்னது நியாயம்தான். ஆனா புறக்கணிப்புன்னு அறிவிச்சாச்சு, நாங்க உள்ளே வந்தா மானம் போயிடும். நாங்க வாசல்ல கோஷம் போடறோம். நீங்க மட்டும் சத்தமில்லாம உள்ளே போய், சங்கத்துக்குக் கருத்துச் சொல்ல இன்னும் அவகாசம் வேணும்னு கேட்டு வாங்கிட்டு வந்துடுங்க."

"வாய்தா வாங்கச் சொல்றீங்க."

"அதேதான்கா. உங்களை விட்டா யாரு?"

பெரியவர் தலையாட்டினார். "வேற எதுவும் பேச வேண்டாம்மா. தேதி மட்டும் வாங்கு."

அவளுக்குச் சிரிப்பதா ஆத்திரப்படுவதா என்று தெரியவில்லை. அவள் உயிர் போகும் விஷயத்திலும் அவர்களுக்கு அவள் ஒப்புக்கு நிற்கும் ஆள்தான். "உள்ளே போறேன்" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாக்குக் கொடுக்கவில்லை. அவர்களும் கேட்கவில்லை, கேட்டுத்தான் பழக்கமே கிடையாதே.

சாயங்காலம் வீட்டில் சொன்னாள். கணவர் கை கழுவிக்கொண்டிருந்தார், விரலிடுக்கில் கிரீஸ் போகவே மாட்டேன் என்றது. "உண்மையைச் சொன்னா உன் மேலயே பாயுமே. வக்காலத்து இல்லாம நின்னேன்னு நீயே ஒத்துக்கற மாதிரி ஆகும்னு சொன்னியே. நமக்கேன் வம்பு?" என்றார்.

"சொல்லலேன்னாலும் பேர் போயிடும். சொல்லிட்டே போகட்டுமே."

நாத்தனார் சாப்பாட்டு மேசையிலிருந்து நிமிர்ந்தாள். "அண்ணா, நீ சும்மா இரு. அன்னிக்கு அப்பாவைப் பாத்துக்க யாரு நிக்கறதுன்னு பேசினப்ப நானும் வாயை மூடிட்டுத்தான் இருந்தேன். எனக்கு வேலை போயிடுமோன்னு பயம். நீங்க போங்கண்ணி. நல்லாக் கேட்டுட்டு வாங்க."

கணவர் துண்டில் கையைத் துடைத்தார். "எப்ப வேணும்னாலும் திரும்பிப் போகலாம்னு நான்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்" என்றார். இத்தனை வருஷத்தில் அதை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அவளுக்கு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் பொய். இதைச் சொல்ல இவ்வளவு நாளா என்று எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் அவருக்கும் சேர்த்துத்தான் சாப்பாடு எடுத்து வைத்தாள்.

மறுநாள் வாரிய அலுவலகத்து வாசலில் கறுப்புப் பட்டைக் கூட்டம். "உள்ளே போகும் துரோகிகளே, திரும்பிப் போங்கள்" என்று மைக் கத்தினார். கூட்டமும் கத்தியது. கத்திக்கொண்டே இரண்டாகப் பிரிந்து அவளுக்கு வழிவிட்டது. ஒருவன் கண்ணடித்தான். அந்தக் கண்ணைத் தோண்டினால் என்ன என்று இருந்தது அவளுக்கு.

மேல்மாடி மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசை வரிசையாகக் காலியாகக் கிடந்தன. மேடையில் மூன்று பேர், தண்ணீர் பாட்டில்கள். ஓரத்தில் ஒரு பெண் கணினியில் குறிப்பெடுக்கத் தயாராக உட்கார்ந்திருந்தாள். நடுவில் இருந்த தலைவரைப் பார்த்ததும் வாய்தா அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஓய்வு பெற்ற நீதிபதி. அந்த வீடு காலி செய்யும் வழக்கில் தீர்ப்பு எழுதியவர்.

அவருக்கும் அவளை அடையாளம் தெரிந்தது. "வாங்கம்மா. இங்கயும் வாய்தாவா?" என்றார். பக்கத்தில் இருந்த இருவரும் சிரித்தார்கள். குறிப்பெடுக்கும் பெண், "யார் சார்பில்னு போடட்டும்?" என்று கேட்டாள்.

"என் சார்பில்" என்று சொல்லிவிட்டுத் தன் முழுப் பெயரையும் சொன்னாள். அந்தப் பெண் தட்டி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

பிறகு பேசினாள். "வாய்தா வாங்கிட்டு வரச் சொல்லித்தான் வாசல்ல நிக்கறவங்க என்னை அனுப்பினாங்க. எனக்கு வாய்தா வேண்டாம். கோர்ட் குறிப்புல இருக்கற பேரை எண்ணி, யார் வக்கீல், யார் இல்லைன்னு முடிவு பண்ணப்போறீங்க. அந்தக் குறிப்பே பொய். அதுல ஆஜர்னு இருக்கற ஆள் ஆஜராகலை. நான் ஆஜரானேன். என்னை மாதிரி இன்னும் எத்தனையோ பேர், பாதிப் பேர் பெண்கள், குழந்தை பெத்து, நோயாளியைப் பாத்து, திரும்பி வந்து கேஸ் கிடைக்காம இப்படி நிக்கறாங்க. உங்க விதி, கோர்ட்டுக்கு வராத பெரிய மனுஷனை வக்கீல்னு சொல்லும். தினம் வர்ற எங்களைத் துரத்தும்."

தலைவர் பேனாவால் மேசையைத் தட்டினார். "பொதுப்படையாப் பேசாதீங்கம்மா."

"சரிங்க ஐயா, பொதுப்படையா வேண்டாம். ஒரு வீடு காலி பண்ற வழக்கு. லிஃப்ட்ல ஏறினேன்னு சாட்சி சொன்னானே, ஞாபகம் இருக்கா? உங்க முன்னாடி யார் குறுக்கு விசாரணை பண்ணது? கூர்மையான விசாரணைன்னு உங்க கையால எழுதினீங்களே, யாரோட கூர்மைன்னு எழுதினீங்க?"

கீழே வாசலில் கோஷம் மட்டும் மங்கலாகக் கேட்டது. தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது, முகமே சொன்னது.

"உங்க விதியில ஒரே ஒரு வரி சேருங்க. கோர்ட்டுல யார் நிக்கறாங்களோ அவங்க பேரை எழுதணும். அவ்வளவுதான். அப்புறம் எண்ணுங்க, யாரை வேணும்னாலும் எண்ணுங்க" என்றாள்.

"அம்மா," என்று தலைவர் குரலைத் தாழ்த்தினார், "இதெல்லாம் குறிப்புல ஏறணுமா? அதிகாரம் இல்லாம ஆஜரானதா நீங்களே வாக்குமூலம் குடுக்கற மாதிரி இருக்கு. நான் வேணும்னா, வாய்மொழியாக் கேட்டுக்கிட்டேன்னு விட்டுடறேன்."

"இத்தனை வருஷமும் வாய்மொழியாத்தானே விட்டீங்க. ஏத்துங்க."

கீழே இறங்கி வந்ததும் மைக் ஓடி வந்தார். "எந்தத் தேதிக்கா?" அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

சில வாரத்தில் இறுதி விதிகள் வந்தன. ஆஜர் கணக்கு அப்படியே இருந்தது. சங்கப் பொறுப்பாளர்களுக்கும் மூத்த வக்கீல்களுக்கும் மட்டும் கணக்கிலிருந்து விலக்கு. மைக்கும் பெரியவரும் யார் யார் வீட்டு வாசலில் போய் நின்றார்கள் என்று யாருக்குத் தெரியும்? கடைசியில் புதுசாக ஒரு வரி சேர்ந்திருந்தது. வக்காலத்து இல்லாமல் இன்னொரு வக்கீலுக்காக நிற்பவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பெறப்பட்ட கருத்தின் அடிப்படையில் சேர்க்கப்பட்டது என்று விளக்கம் வேறு. பெறப்பட்டதே ஒரு கருத்துதான், அது அவளுடையது. நிற்கிறவள் பெயரை எழுது என்று கேட்டாள். நிற்கிறவளைப் பிடி என்று எழுதிவிட்டார்கள்.

கூடவே அவளுக்கு நோட்டீஸ் வந்தது. அவளுக்கு மட்டும்தான். அதிகாரம் இல்லாமல் ஆஜரானதாக நீங்களே ஒத்துக்கொண்டிருக்கிறீர்கள், உங்கள் பெயரை ஏன் நீக்கக் கூடாது, விசாரணைக்கு வரவும். நாத்தனார் அதைப் படித்துவிட்டு வாரியத்தை வாய்க்கு வந்தபடி திட்டினாள். வங்கியில் அத்தனை சாந்தமாக உட்காருகிறவளுக்கு இவ்வளவு பாஷை தெரியும் என்று அன்றைக்குத்தான் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. கணவர் விசாரணை நாளுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

வாய்தா அக்கா அந்தக் காகிதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். மேலே வழக்கு எண், கீழே அவள் பெயர், அப்பா பெயர், பதிவு எண். வேறு யார் பெயரும் இல்லை. பல வருஷத்துக்கப்புறம் அவள் பெயரில் வந்த ஒரே வழக்கு, அவளை ஒழித்துக்கட்ட வந்தது. இதை எவனுக்கும் விட்டுக் கொடுப்பதில்லை என்று அவள் முடிவு செய்தாள். பதில் தட்டச்சு செய்தாள். ஆமாம், நின்றேன். என்னை நிற்கச் சொன்னவர்களே அதிகாரம் கொடுத்தார்கள், அவர்களைச் சாட்சியாக விசாரிக்க வேண்டும் என்று எழுதி, நிற்கச் சொன்ன ஒவ்வொருவரின் பெயரையும் போட்டாள். பெரியவர் பெயர் முதலில். அடுத்தது மைக். லிஃப்ட் வழக்கைக் கண்ணால் பார்த்தவர் என்று அந்தத் தலைவர் பெயரையும் விடவில்லை. கேட்ட சாட்சியை மறுக்க விதியில் இடமில்லை, வாரியத்திலிருந்து எல்லோருக்கும் சம்மன் போனது.

அப்புறம் மாடிப்படிக்குக் கீழே என்ன கூட்டம் என்கிறீர்கள். கடிதம் கேட்டபோது நாளைக்குப் பார்க்கலாம் என்றவன் வந்தான். வாயால் சொல்ல மாட்டோமா என்றவன் வந்தான். இப்போ வாயால் சொல்ல வாய்ப்பு கிடைத்திருக்கிறதே என்றாள், அவன் திருதிருவென்று விழித்தான். மைக் வந்து, "அக்கா, முதல்ல ஒரு வாய்தா வாங்கிக்கலாம். வெளியில பேசித் தீத்துடலாம்" என்று இழுத்தார். "நான் அந்தத் தொழிலை விட்டுட்டேன்" என்றாள்.

கடைசியாகப் பெரியவர் வந்தார். சம்மனை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். உட்காரச் சொல்வாளா என்று பெஞ்சைப் பார்த்தார். அவள் சொல்லவில்லை.

"என்னம்மா இது, என்னைப் போய்க் கூண்டுல ஏத்தறே. நான் உன் சீனியர்."

"அதையும் அங்கயே சொல்லுங்க சார். குறிப்புல ஏறட்டும்."

அவர் பெருமூச்சு விட்டார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை, அலுப்புதான் வந்தது. பழக்கம் நாக்கில் ஊறிப்போயிருந்தது. "அன்னிக்கு எனக்கு மேல்கோர்ட்டுல பெரிய கேஸ் ஒண்ணு இருக்கும்மா. வர முடியாது. ஒண்ணு பண்ணு, என் ஜூனியரை அனுப்பறேன். எனக்குப் பதிலா அவன் வந்து நிப்பான், போதும்ல?"

அவள் பெஞ்சிலிருந்து எழுந்து அங்கியை மாட்டிக்கொண்டாள்.

"வாய்தாவுக்குத்தான் சார் பதில் ஆள் நிக்கலாம். சாட்சிக் கூண்டுக்கு அனுப்ப முடியாது. நீங்கதான் வரணும்."